விடைத்தாளை வாசிப்பவர் யார்?
அஞ்சல்வழி இறையியற் கல்வி பற்றி ஒரு திறனாய்வு

அஞ்சல்வழிக் கல்வியைக் குறித்து நம் திருச்சபை வட்டாரங்களில் இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. ஒரு சாரார் அதனை இரண்டாந்தரக் கல்வி என ஒதுக்குவர். இறையியற் கல்லூரி வளாகத்தில் மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் தங்கி, வழிபாட்டிலும் வகுப்பிலும் உணவுக் கூடத்திலும் ஆசிரியரோடு பழகியவரே முறையாகப் பயின்றவர் என்பது அவர்கள் எண்ணம். மற்றொரு சாரார், பிழைப்பையும் குடும்பத்தையும் விட்டு வர இயலாத விசுவாசிகளுக்குக் கல்வியைக் கொண்டு சேர்க்கும் வழி இதுவே எனப் போற்றுவர். சேர்ந்தோர் தொகையையும் அனுப்பப்பட்ட பாடங்களின் தொகையையும் எடுத்துக் காட்டுவர். இவ்விரு சாராரும் பாடம் எவ்வழியாய்ப் போகிறது என்பதைப் பற்றியே பேசுகின்றனர். மாணவர் எழுதி அனுப்பும் விடை யாரிடம் போய்ச் சேருகிறது, அதை வாசித்தவர் திரும்ப என்ன எழுதுகிறார் என்பதை இரு சாராரும் ஆராய்வதில்லை. அஞ்சல்வழிக் கல்வி உண்மையில் கல்விதானா என்பதைத் தீர்மானிப்பது அவ்விடைத்தாளே என்பது இக்கட்டுரையின் கருத்து.

1. வரலாறு கூறுவது

இங்கிலாந்தில் 1840ஆம் ஆண்டு, நாட்டின் எம்மூலைக்கும் ஒரு பென்னிக் கட்டணத்தில் கடிதம் செல்லும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அதனைப் பயன்படுத்தி ஐசக் பிட்மன் என்பார் தமது சுருக்கெழுத்தை அஞ்சல் வழியாய்க் கற்பித்தார். அவரது சுருக்கெழுத்து நூல் 1837இலேயே அச்சாகிவிட்டது என்பது கவனிக்கத்தக்கது. பாடம் முன்னரே இருந்தது. விரும்பியவர் வாங்கிப் படித்திருக்கலாம். அஞ்சல் புதிதாய்த் தந்தது யாது? மாணவர்கள் திருமறையின் சிறு பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்பினர். அவை திருத்தப்பெற்று, எழுதியவர் கைக்கே திரும்பின. நூல் விற்பனைக்கும் கற்பித்தலுக்கும் இடையே உள்ள வேறுபாடு இத்திருத்தமே.

அமெரிக்காவில் பெண்களுக்குக் கல்லூரி வாயில்கள் பெரும்பாலும் மூடியிருந்த காலத்தில், பாஸ்டன் நகரத்து அன்னா டிக்னர் அம்மையார் 1873இல் வீட்டிலிருந்தே கற்கும் பெண்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். மாணவிக்கு நூல்கள் அஞ்சலில் இரவலாய்ச் சென்றன. அவர் வாசித்ததைப் பற்றி மாதந்தோறும் எழுதினார். சங்கத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி அதற்குப் பதில் எழுதினார். அம்மையார் 1896இல் மறைந்தார். மறு ஆண்டில் சங்கமும் கலைக்கப்பட்டது. தனியொருவரது ஊக்கத்தில் நின்ற பணி அவரோடு முடிந்தது எனச் சிலர் குறை கூறலாம். கடிதத்திற்குக் கடிதம் எழுத ஆட்கள் இன்றியமையாதவர் என்பதை அம்முடிவே காட்டுகிறது.

பென்சில்வேனியா மாநிலத்து நிலக்கரிச் சுரங்கங்களில் நிகழ்ந்தது இன்னும் பொருள் பொதிந்தது. அங்கே சுரங்க விபத்துகளைக் குறைக்கும் நோக்கத்தோடு 1885இல் இயற்றப்பட்ட சட்டம், சுரங்க மேற்பார்வையாளர்கள் தேர்வெழுதித் தகுதி பெற வேண்டும் என விதித்தது. பத்திரிகை ஆசிரியரான தாமஸ் ஃபாஸ்டர், தொழிலாளர்கள் கேட்ட கேள்விகளுக்குத் தம் ஏட்டில் விடை எழுதி வந்தார். அக்கேள்வி-பதில் பகுதியிலிருந்தே 1891இல் ஸ்கிரான்டன் நகரில் அவரது அஞ்சல்வழிப் பள்ளி பிறந்தது. மாணவரது கேள்வி முதலில் வந்தது, பாடம் பின்னர் வந்தது என்பதே அதன் சிறப்பு. பின்னாளில் அப்பள்ளி முகவர்களை வைத்து ஆள் சேர்க்கும் பெரு நிறுவனமாய் வளர்ந்தது. சேர்ந்தோரில் இறுதிவரை பயின்று முடித்தவர் மிகச் சிலரே.

இறையியல் உலகிற்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. சிகாகோவிற்கு அருகில் ஒரு பாப்திஸ்து இறையியற் கல்லூரியில் எபிரெய மொழி கற்பித்து வந்த வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், 1880களின் தொடக்கத்தில் குருமாருக்கு அம்மொழியை அஞ்சல் வழியாய்க் கற்பிக்கலானார். அவர் தலைமையில் 1892இல் திறக்கப்பட்ட சிகாகோ பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழிக் கல்வி தொடக்கமுதலே இடம்பெற்றது. எபிரெயம் போன்ற மொழியில் மாணவர் எழுதிய ஒவ்வொரு சொல்லையும் ஒருவர் உற்றுப் பார்த்தாலன்றிக் கல்வி நடைபெறாது. ஆகவே அவர் முறையில் திருத்துவோர் இன்றியமையாதவராயினர்.

இதற்கு எதிரிடையான காட்சி ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் 1961இல் தோன்றிய புகழ்மிகு எழுத்தாளர் பள்ளி என்னும் நிறுவனம், பெயர் பெற்ற எழுத்தாளர்களின் படங்களை விளம்பரங்களில் வெளியிட்டு மாணவரைச் சேர்த்தது. அவ்வெழுத்தாளர்கள் மாணவர் எழுதியதை வாசிக்கவில்லை. வேறு பலர் அமர்த்தப்பட்டிருந்தனர். சேர்ந்தோரில் பெரும்பாலோர் இடையிலேயே நின்றுவிட்டனர்; எனினும் கட்டணக் கடன் அவர்கள்மேல் நின்றது. ஜெசிக்கா மிட்ஃபர்டு 1970இல் எழுதிய கட்டுரை இதனை வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தது. இரண்டே ஆண்டுகளில் நிறுவனம் நொடித்துப் போயிற்று. விடைத்தாள் வராதிருப்பதே இலாபமாகும் ஓர் அமைப்பை எப்பெயரால் அழைத்தாலும் கல்வி எனல் தகாது. கட்டணம் பெறாத திருச்சபை நிறுவனங்களுக்கு இச்சோதனை இல்லையென எண்ணிவிட வேண்டாம். ஆண்டறிக்கையில் சேர்ந்தோர் தொகையை மட்டும் காட்டி, முடித்தோர் தொகையைக் காட்டாதிருக்கும்போது நாமும் அதே கணக்கையே எழுதுகிறோம்.

2. திருத்தூதரின் கடிதங்கள்

கடிதம் வழியாய்க் கற்பித்தல் நமக்கு அயலானதன்று. புதிய ஏற்பாட்டின் பெரும்பகுதி கடிதங்களே. அஞ்சல்வழிப் பாடங்களை ஆதரிப்போர் பவுலடியாரை முன்னோடியாகக் காட்டுவது வழக்கம். ஆயின் அவரது முறையை முழுவதும் நோக்குவோமாக.

கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபம் ஒரு பதில் கடிதம். குலோவேயாளின் வீட்டார் வழியாய்ச் செய்தி வந்தது. சபையார் எழுதிக் கேட்டவற்றிற்கு ஏழாம் அதிகாரம் முதல் பவுல் ஒவ்வொன்றாய் விடையிறுக்கிறார். ஸ்தேவானும் உடன் வந்தோரும் நேரில் வந்து நிலைமையை உரைத்ததைக் கடைசி அதிகாரம் கூறுகிறது. திருமணம், விக்கிரகங்களுக்குப் படைத்த உணவு, ஆவியின் வரங்கள் ஆகிய பாடங்களை அவர் தம் அறையிலிருந்து தேர்ந்தெடுக்கவில்லை. கொரிந்து பட்டணம் அவற்றைத் தந்தது. அதனாலேயே கலாத்தியருக்கு எழுதியதைக் கொரிந்தியருக்கு அவர் படியெடுத்து அனுப்பவில்லை.

கடிதம் தனித்தும் செல்லவில்லை. ரோமருக்கு எழுதிய நிருபத்தோடு கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியாகிய பெபேயாள் சென்றார் என்பது அறிஞர் பலரின் முடிவு. கொலோசெயருக்கு எழுதியதோடு தீகிக்கு சென்றார். எழுதியதன் பொருள் விளங்காவிடில் வினவுவதற்கு ஓர் ஆள் அங்கே நின்றார். மேலும், கொலோசெயருக்கு வந்த நிருபம் சபையில் வாசிக்கப்படவும், பின்னர் லவோதிக்கேயா சபைக்கு அனுப்பப்படவும் வேண்டும் என்பது பவுலின் கட்டளை. தனியறையில் ஒருவர் மட்டும் வாசித்து மடித்து வைக்கும் கடிதத்தை அவர் எண்ணவில்லை. யோவானின் இரண்டாம், மூன்றாம் நிருபங்களோ காகிதமும் மையும் போதா என்றுணர்ந்து, முகமுகமாய்ப் பேசும் நாளை எதிர்நோக்கி முடிகின்றன.

ஆகவே திருத்தூதரின் முறையில் நான்கு கூறுகள் உள்ளன: கேட்போரின் கேள்வி, அதற்கென எழுதப்பட்ட பதில், உடன்செல்லும் ஆள், கூடி வாசிக்கும் சபை. இந்நான்கையும் விட்டுவிட்டுக் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொள்வோர் பவுலைத் துணைக்கழைப்பது பொருந்தாது.

3. பாட ஏட்டின் வினாக்கள்

இந்த அளவுகோலோடு நம் கைக்கு வரும் பாட ஏடுகளைத் திறந்து பார்ப்போம். பத்துப் பன்னிரண்டு சிற்றேடுகள். ஒவ்வொன்றின் இறுதியிலும் கிழித்து அனுப்பத்தக்க வினாத்தாள். கோடிட்ட இடங்களை நிரப்புக, சரியா, தவறா எனக் குறிப்பிடுக, பொருத்துக. எண்பது விழுக்காடு பெற்றால் அடுத்த ஏடு வரும், முடிவில் சான்றிதழ்.

இவ்வமைப்பிற்கு ஒரு கல்விக் கொள்கையும் துணை நின்றது. பாடத்தைச் சிறு சிறு படிகளாய்ப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் வினா எழுப்பி, விடை சரியென உடனே உறுதிப்படுத்தினால் எவரும் கற்பர் என்பது ஹார்வர்டு உளவியலறிஞர் ஸ்கின்னரின் கருத்து. அதற்கெனக் கற்பிக்கும் பொறி ஒன்றையும் அவர் 1950களில் அமைத்தார். அம்முறையில் எழுதப்பட்ட நூல்கள் 1960களிலும் 1970களிலும் இறையியற் கல்வியில் பரவலாய்ப் புகுந்தன. அதன் நன்மையை மறுப்பதற்கில்லை. திருமறையைத் தானாகத் திறந்திராத ஒருவர், விடை தேடி யோவான் நற்செய்தியை வசனம் வசனமாய்ப் புரட்டுகிறார். பள்ளிப் படிப்பு குறைந்தவரும் தம்மால் இயலும் என்னும் துணிவு பெறுகிறார். தொடக்க நிலையில் இவை சிறிய பேறுகளல்ல.

ஆனால் இத்தகைய வினா தான் எதிர்பார்க்கும் விடையை முன்னரே அறிந்திருக்கிறது. அதை எழுதுபவர் மாணவரிடமிருந்து எதையும் அறிய விரும்பவில்லை. பாவ்லோ ஃபிரெயிரே எழுதி 1970இல் ஆங்கிலத்தில் வெளிவந்த ஒடுக்கப்பட்டோரின் கல்விமுறை பற்றிய நூல், மாணவரை வெறும் கொள்கலமாய்க் கருதி அறிவை வைப்புத் தொகைபோல் போட்டுவைக்கும் கல்வியைக் கண்டித்தது. போட்ட தொகை குறையாமல் இருக்கிறதா என எண்ணிப் பார்ப்பதே கோடிட்ட இடத்தின் வேலை.

இதனால் நேரும் இழப்பு எத்தன்மையது என்பதற்கு ஒரு சான்று கூறுவேன். சில ஆண்டுகள் ஓர் அஞ்சல்வழிப் பாடத்திட்டத்தில் விடைத்தாள் திருத்தும் பணியில் இருந்தேன். திராட்சத்தோட்டத்து வேலையாட்களின் உவமையைப் பற்றிய பாடத்தில், பதினோராம் மணி வேளையில் வந்தவர்கள் யாரைக் குறிக்கின்றனர் என்பது ஒரு வினா. காலந்தாழ்த்தி மனந்திரும்புவோர் என்பது எங்களுக்குத் தரப்பட்ட விடைக்குறிப்பு. கட்டட வேலையில் சித்தாளாயிருந்த ஒரு சகோதரி வேறுவிதமாய் எழுதியிருந்தார். அவர்கள் காலந்தாழ்த்தி வந்தவர்கள் அல்லர். விடிந்தது முதல் சந்தை முனையில் நின்றவர்கள். மேஸ்திரி வாலிபரை முதலில் பொறுக்கிக்கொண்டு போவார். வயதானவர்களையும் கைப்பிள்ளைக்காரிகளையும் யாரும் கூப்பிடமாட்டார்கள். வெறுங்கையோடு வீட்டுக்குப் போகக் கூசி அவர்கள் மாலைவரை நின்றுகொண்டிருப்பார்கள் என்பது அவர் விடையின் சாரம்.

மத்தேயு 20ஆம் அதிகாரத்தின் 6, 7ஆம் வசனங்களை மீண்டும் வாசித்தால் அவர் கூறியதே மூலத்திற்கு நெருக்கமானது என்பது விளங்கும். பகல் முழுவதும் நின்றதாகவும் தங்களை ஒருவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்றும்தானே நற்செய்தியாளர் கூறுகிறார்? விளக்கவுரை நூல்கள் பலவற்றைக் கற்றவர் கண்ணுக்குத் தப்பியதை, அந்த முனையில் நின்று பழகிய ஒருவர் கண்டுகொண்டார். விடைக்குறிப்பின்படி அவருக்கு மதிப்பெண் இல்லை. முழு மதிப்பெண் இட்டு, நீங்கள் நிற்கும் இடத்தைப் பற்றி இன்னும் எழுதுங்கள் எனக் குறித்து அனுப்பினேன். இரண்டு பக்கங்களில் பதில் வந்தது. பாடத்தை ஆயத்தம் செய்தவர்களுக்கும் அத்தாளின் படியை அனுப்பினேன். அடுத்த பதிப்பில் அவ்வினாவும் அதன் விடைக்குறிப்பும் மாற்றமின்றி அச்சாயின.

தைவானைச் சேர்ந்த ஷோகி கோ 1972இல் இறையியற் கல்வி நிதியத்தின் இயக்குநராயிருந்தபோது, சூழலோடு பொருந்திய இறையியல் வேண்டும் எனும் அறைகூவலை விடுத்தார். அன்றுமுதல் நாம் அதனைக் கருத்தரங்குகளில் திரும்பத் திரும்ப உரைத்து வருகிறோம். அந்த இறையியல் ஓர் உறையில் மடித்து, தபால்தலை ஒட்டப்பெற்று நம் மேசைக்கு வந்தபோது, அதை ஏற்கும் இடம் நம் வினாத்தாளில் இல்லை.

4. கூடிக் கற்றல்

இக்குறையை முன்னரே உணர்ந்தோர் உண்டு. மத்திய அமெரிக்காவில் உள்ள குவாத்தமாலா நாட்டின் பிரஸ்பிட்டேரியன் இறையியற் கல்லூரி, கிராமத்து மாணவரைத் தலைநகரில் தங்கவைத்துப் பயிற்றியது. அவர்களுள் பலர் கிராமப் பணிக்குத் திரும்பவில்லை. சபைகளை உண்மையில் நடத்தியவர்களோ வீட்டையும் நிலத்தையும் விட்டு வர முடியாதவர்கள். எனவே 1963இல் ரால்ஃப் விண்டர், ஜேம்ஸ் எமரி ஆகியோர் கல்லூரியை மாணவர் இருக்கும் இடத்திற்குக் கொண்டு சென்றனர். சிறிது பின்னர் ராஸ் கின்ஸ்லரும் அவர்களோடு இணைந்தார். இதுவே விரிவாக்க இறையியற் கல்வி. வீட்டில் பாடநூல், சபையில் பணி, வாரந்தோறும் ஆசிரியரோடு கூடுகை என அது மூன்று கூறுகளைக் கொண்டது. கல்வியறிஞர் டெட் வார்டு இதனை ஒரு வேலிக்கு ஒப்பிட்டார். பாட அறிவும் பணி அனுபவமும் இரு குறுக்குக் கழிகள். அவற்றைத் தாங்கி நிற்கும் கம்பங்கள் கூடுகைகள். இந்தியாவில் 1971இல் உருவாகிப் பெங்களூரிலிருந்து செயற்படும் விரிவாக்க இறையியற் கல்விச் சங்கமும் இம்முறையைப் பின்பற்றி, தமிழ் உட்பட நம் மொழிகளில் பாடங்களைத் தந்துள்ளது.

கூடுகையைத் தராத நிறுவனத்தின் பாடத்தைக்கூட மாணவர்கள் தாமே கூடுகையாக்கிக்கொண்ட வரலாறும் உண்டு. இலண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல் வெளி மாணவரைத் தேர்வெழுத அனுமதித்தது. தேர்வு நடத்தியதேயன்றி அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம் 1946 முதல் அஞ்சல் வழியாய்க் கற்பித்து வந்தது. இவ்விரண்டிலும் பதிவு செய்தவர்களுள் ராபன் தீவுச் சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவும் ஒருவர். படிக்கும் உரிமையைச் சிறை அதிகாரிகள் ஒரு சலுகையாய் வைத்து, நினைத்தபோது பறித்தனர். கைதிகளோ பாடங்களையும் நூல்களையும் தமக்குள் பகிர்ந்தனர். கல் உடைக்கும் இடத்திலும் கற்பித்தனர். எழுத்தறியாதவர் அங்கே எழுதப் படிக்கக் கற்றனர். அஞ்சலில் ஒருவர் பெயருக்கு வந்தது பலருக்குப் பாடமாயிற்று. கொலோசெயரின் கடிதம் லவோதிக்கேயாவுக்குச் சென்ற முறையும் இதுவே.

5. நாம் செய்யத்தக்கவை

நம் நாட்டில் 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. பெயரும் தொலைநிலைக் கல்வி என மாறிற்று. இன்று பாடம் கைப்பேசித் திரையில் நொடியில் வந்துவிடுகிறது. உறையும் தபால்தலையும் அருகிவிட்டமையால் பழைய சிக்கல் தீர்ந்துவிட்டது எனச் சிலர் எண்ணுகின்றனர். பாடம் போகும் வேகம் பெருகியுள்ளதேயன்றி, விடையை வாசிப்பவர் தொகை பெருகவில்லை. சரியா தவறா எனும் வினாக்களுக்குக் கணினியே மதிப்பெண் இடுகிறது. கட்டுரை வினாவுக்கு மாணவர் பெயரில் கணினியே விடை எழுதவும் வல்லதாயிற்று. ஒரு கணினி எழுதியதை மற்றொரு கணினி திருத்த, சான்றிதழ் மட்டும் மனிதர் கைக்கு வரும் நிலை வெகுதொலைவில் இல்லை. திருச்சபை இதில் கவலையற்றிருக்கலாகாது.

ஆகவே இறையியற் கல்லூரிகளின் முன்னும் குருசேகரங்களின் முன்னும் சில கருத்துகளை வைக்கிறேன். முதலாவது, திருத்துவோர் எத்தனை பேர் என்பதைக் கணக்கிட்ட பின்னரே மாணவரைச் சேர்க்க வேண்டும். ஒருவர் முப்பது மாணவருக்குப் பொறுமையோடு கடிதம் எழுதலாம். மூவாயிரம் பேருக்கு எழுத இயலாது. இறுதியாண்டு இறையியல் மாணவரை இப்பணியில் ஈடுபடுத்தினால், போதிப்பதற்கு முன் சபையாரின் சிந்தனையை வாசித்துப் பழகும் பயிற்சியும் அவர்களுக்குக் கிடைக்கும்.

இரண்டாவது, ஒவ்வொரு பாடத்திலும் பாட ஏட்டில் விடை இல்லாத வினா ஒன்றேனும் இருக்க வேண்டும். மாணவர் தம் ஊரிலும் தொழிலிலும் தேடிக் கண்டாலன்றி எழுத முடியாத வினாவாக அது அமைய வேண்டும். கணினியால் எழுதித் தர இயலாத விடையும் அதுவே.

மூன்றாவது, வரும் விடைகளைக் கொண்டு பாடத்தையே திருத்த வேண்டும். மூன்றாண்டுகளுக்கு ஒருமுறையேனும் மாணவரின் சிறந்த விடைகளை அடுத்த பதிப்பில் விளக்கமாய்ச் சேர்த்து அச்சிடலாம். அப்பொழுது கல்லூரியும் கற்கும்.

நான்காவது, குருசேகரத்தின் ஆயர் பெபேயாளின் இடத்தில் நிற்க வேண்டும். தம் சபையில் யார் யார் இத்தகைய பாடங்களைப் பயில்கின்றனர் என்பதை அறியாத ஆயர் பலர். தனித்தனியே பயிலும் அவர்களை மாதம் ஒருமுறை கூட்டி, பாடத்தை உரக்க வாசித்து, ஒருவர் விடையை மற்றவர் கேட்கச் செய்வது ஒரு மாலைப்பொழுது வேலையே. உபதேசியாரும் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரும் இதற்குத் துணை நிற்பர்.

இவற்றால் சேர்ப்போர் தொகை குறையும்; செலவு கூடும்; ஆண்டறிக்கை மெலியும். எனினும் திருமறையை வாசித்துத் தம் வாழ்விலிருந்து விடை எழுதும் ஒரு சகோதரிக்கு, வாசித்தேன் என்று பதில் எழுத ஒருவர் இருப்பார். குருத்துவப் பணிக்கு ஆயத்தமாகும் மாணவர்கள் கல்லூரியை விட்டுப் புறப்படுமுன், ஓர் ஆண்டேனும் இத்தகைய விடைத்தாள்களைக் கையில் ஏந்தித் திருத்தும் ஏற்பாட்டை நம் ஆசிரியர் குழுக்கள் இவ்வாண்டே ஆலோசிக்குமாறு வேண்டுகிறேன்.